ஆறு பேர், மூன்று இரவு, எந்தக் கப்பல்? சென்னைக் குடும்பத்துக்கான சொகுசுக் கப்பல் ஒப்பீடு

வரும் மே விடுமுறைக்குக் குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போவது என்று முடிவான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பெயர்கள் அடிபட்டுக்கொண்டிருக்கின்றன: சென்னையிலிருந்தே புறப்படும் கோர்டீலியா, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெந்திங் ட்ரீம், ராயல் கரீபியன், டிஸ்னி அட்வென்ச்சர். ஆளுக்கொரு கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பதினைந்து வயது மகளுக்கு ராயல் கரீபியன்தான் வேண்டும். ஒன்பது வயது மகனுக்கு டிஸ்னியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. குழந்தைகளின் தாத்தாவான மாமாவுக்கு விமானமே ஏறாமல் போய்வர முடிந்தால் நிம்மதி. அத்தைக்கு முழங்கால் வலி, ஆகவே படி ஏறி இறங்காத எதுவும் சம்மதம். செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னுடையது. இரண்டு மாதம் விலைப்பட்டியல்களையும் தள வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு: கப்பலின் பெயரிலிருந்து தொடங்கினால் கணக்கு எப்போதும் தவறிப்போகும். எந்த வாரத்தில் போகிறோம், யார் யாரோடு ஒரே அறையில் படுக்கிறார்கள் என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொண்டால், கப்பல் ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடுகிறது.

நாள்காட்டி செய்யும் கழிவு

தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளுக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது மே மாதத்தில். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுதும் நீள்கிறது. ஆண்டு இறுதி விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களின் விலை சிங்கப்பூர்க் குடும்பங்களின் விடுமுறையைப் பார்த்து ஏறுகிறதே தவிர நம் விடுமுறையைப் பார்த்து அல்ல. எனவே மே முதல் மூன்று வாரங்கள் நமக்கு விடுமுறையாகவும் அவர்களுக்குப் பள்ளி நாள்களாகவும் அமைகின்றன. தொழிலாளர் தினம், விசாக தினம் ஆகியவற்றை ஒட்டிய நீண்ட வார இறுதிகளை மட்டும் தவிர்த்துவிட்டால், அதே அறைக்கு டிசம்பரில் கேட்கும் விலையைவிடக் குறைவாகவே கேட்கிறார்கள். நம் அரையாண்டுத் தேர்வு விடுமுறையோ கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான நாள்களோடு அப்படியே பொருந்துகிறது. கப்பல் நிறுவனங்கள் ஆண்டிலேயே அதிகம் கேட்கும் வாரம் அதுதான். போதாக்குறைக்கு அப்போது வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும்.

மே என்று வைத்துக்கொண்டதும் பட்டியலில் இரண்டு பெயர்கள் தளர்ந்தன. ராயல் கரீபியன் தன் பெரிய கப்பல்களை ஆண்டு முழுதும் சிங்கப்பூரிலேயே நிறுத்துவதில்லை. 2024 இறுதியில் சிங்கப்பூர் வந்த ஆந்தம் ஆஃப் தி சீஸ், 2025ஆம் ஆண்டின் கோடையை அலாஸ்காவில் கழித்தது. எந்தக் கப்பல், எந்த மாதம் வரை என்பது பருவத்துக்குப் பருவம் மாறுவதால், மே மாதத்தில் போக நினைப்பவர்கள் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்த பிறகே ஆசைப்பட வேண்டும். கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலுக்கு மும்பைதான் முதன்மைத் தளம்; மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஜூன் முதலான மாதங்களில்தான் அது பெரும்பாலும் சென்னைப் பக்கம் வருகிறது. 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னையிலிருந்து அதை வழியனுப்பினார். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குச் சென்றது. 2025இல் விசாகப்பட்டினம், புதுச்சேரி, சென்னை என்று ஒரு சுற்று ஓடியது. ஜூனில் பள்ளி திறந்துவிடும் என்பதால் மே விடுமுறைக்கு அது பொருந்தவில்லை. ஆனால் வெள்ளி மாலை ஏறி ஞாயிறு இறங்குகிற இரண்டு இரவுப் பயணத்துக்கு விடுமுறையே தேவையில்லை என்பதால் அதை முழுதாக அடித்துவிடவும் மனம் வரவில்லை.

கப்பல்களின் குணம்

எம்பிரஸ் 1990இல் பிரான்சின் சென் நசேர் கட்டுமானத் தளத்தில் உருவான கப்பல். நீண்டகாலம் ராயல் கரீபியனிடம் இருந்து, 2021 முதல் கோர்டீலியாவின் பெயரில் இந்தியக் கரையோரம் ஓடுகிறது. ஏறக்குறைய 48,500 டன். இந்த 'டன்' கப்பலின் எடையைக் குறிப்பதல்ல. மூடிய இடங்களின் கொள்ளளவைக் கணக்கிட்டு எழுதும் அளவு. கெந்திங் ட்ரீம் 2016இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது, சுமார் 1,50,000 டன். ஆந்தம் உள்ளிட்ட, ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் ஒவ்வொன்றும் சுமார் 1,68,000 டன். டிஸ்னி அட்வென்ச்சர் 2,08,000 டன், 6,700 பயணிகள் வரை ஏற்றக்கூடியது. ஆக, எம்பிரஸைப்போல் நான்கு மடங்குக்கு மேல் பெரியது டிஸ்னியின் கப்பல். பெரிய கப்பல் அலையில் குறைவாக ஆடும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் சிங்கப்பூர்க் கப்பல்கள் ஓடும் மலாக்கா நீரிணை இருபுறமும் நிலத்தால் காக்கப்பட்ட கடல் என்பதால் அங்கே பெரும்பாலும் அலையே குறைவு. வங்காள விரிகுடாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடல் மயக்கம் வருமோ என்று அஞ்சுபவர்கள் கப்பலின் அளவோடு கடலின் குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கெந்திங் ட்ரீமுக்கும் டிஸ்னி அட்வென்ச்சருக்கும் ஒரு பங்காளி உறவு உண்டு. இன்று டிஸ்னியின் பெயரில் நிற்கும் கப்பலை ஜெர்மனியின் விஸ்மார் நகரில் கட்டத் தொடங்கியது கெந்திங் குழுமம்தான். பெருந்தொற்றுக் காலத்தில், 2022 தொடக்கத்தில், கெந்திங் ஹாங்காங் நிறுவனம் முடங்கியபோது பாதியில் நின்ற கப்பலை டிஸ்னி வாங்கி முடித்தது. அந்த முடக்கத்திலிருந்து மீண்டு, 2022 ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புது நிறுவனப் பெயரில் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது கெந்திங் ட்ரீம்.

டிஸ்னி அட்வென்ச்சர் 2025 டிசம்பரில் தொடங்குவதாக இருந்து, 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போன கப்பல். இதன் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் எந்த ஊரிலும் நிற்பதில்லை. மரினா பே துறைமுகத்தில் ஏறி, கடலில் சுற்றி, அங்கேயே இறங்க வேண்டும். கப்பலே ஊர், கப்பலே விழா. மார்வெல், டாய் ஸ்டோரி என்று கதைவாரியாகப் பிரித்த ஏழு பகுதிகளும் மேல்தளத்தில் ஒரு ரோலர் கோஸ்டரும் உண்டு; சூதாட்டக் கூடம் கிடையாது. கதாபாத்திரங்களோடு படம் எடுத்துக்கொள்வதில் மகிழ்கிற வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு இணை வேறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய இருவருக்கு மூன்று நாள் முழுதும் அந்த ஆரவாரத்துக்குள்ளேயே இருப்பது ஓய்வாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். நான்கில் விலையும் பொதுவாக இதற்குத்தான் அதிகம்.

ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் வளரிளம் பருவத்தினருக்கென்றே செய்ததுபோல் இருக்கின்றன. காற்றுக் குழாய்க்குள் மிதக்கும் வான்குதிப்புப் பாவனை, கடல்மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் உயரத்தில் தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டு, உள்ளரங்க விளையாட்டுக் கூடம் எல்லாம் அங்கே உண்டு. மகளின் பிடிவாதம் நியாயமானது என்று தெரிந்ததால்தான், மே இல்லை என்றாலும் இன்னொரு ஆண்டின் விடுமுறைக்கு இதை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கெந்திங் ட்ரீம் வெளிச்சம் போட்டுக் காட்டும் கப்பல் அல்ல. நீர்ச்சறுக்குகள், கயிற்றுப் பாலம், அரங்க நிகழ்ச்சிகள் என்று குழந்தைகளுக்குப் போதுமான அளவு உண்டு. சூதாட்டக் கூடமும் உண்டு, அது சற்றுத் துருத்திக்கொண்டே தெரியும். ஆனால் அது ஆசியக் குடும்பங்களை, அதாவது தாத்தா பாட்டியோடு வருகிறவர்களை, மனத்தில் வைத்து ஓடுகிற கப்பல். ஹலால் சான்று பெற்ற சமையலும், சைவ, ஜைன உணவுக்கெனத் தனி ஏற்பாடும் அதில் உண்டு. பால்கனி அறைகளின் பங்கும் அதில் அதிகம். வாரத்தில் இரண்டு இரவு, மூன்று இரவு என்று மாறி மாறி ஓடுவதால் விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கும் நாளைப் பார்த்துக் கப்பலைப் பொருத்திக்கொள்ள முடிகிறது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். நான்கிலும் சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; கோர்டீலியாவில் இந்திய உணவுதான் மையமே, மற்றவற்றில் பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் ரயில் பயணம்போல் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ண வேண்டாம். வீட்டில் சமைத்த உணவைக் கப்பலில் அனுமதிப்பதில்லை, மின்சாரக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் பரிசோதனையிலேயே நிறுத்தப்படும். பிரிக்காத பாக்கெட் முறுக்குக்குத் தடை இருக்காது.

அறைதான் பயணம்

நான்கு வகை அறைகள் எல்லாக் கப்பலிலும் பொது: சன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத சன்னலுள்ள கடல்பார்வை அறை, பால்கனி அறை, அதற்கு மேலே சூட். 'ஆளுக்கு இவ்வளவு முதல்' என்று விளம்பரத்தில் வருவது எப்போதும் உள்ளறையின் விலை, அதுவும் ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில். ஒருவர் மட்டும் தங்கினால் பெரும்பாலும் இருவருக்கான தொகையையே கேட்பார்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு விலை குறையும்.

குவாண்டம் வகைக் கப்பலில் உள்ளறை ஏறக்குறைய 166 சதுர அடி. நம் ஊரில் 12க்கு 14 அடி படுக்கையறை என்று சொல்வோமே, அந்த அளவு. அதற்குள்ளேயே குளியலறையும் அலமாரியும் சோபாவும் அடங்க வேண்டும். பால்கனி அறை 198 சதுர அடி, அதோடு 55 சதுர அடி வெளியிடம். நான்கு பேர் படுக்கும் அறை என்று எழுதியிருந்தால், கீழே ஒரு கட்டில், சோபா விரிந்து ஒரு படுக்கை, நான்காவது ஆளுக்குக் கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும் ஒரு மேல்படுக்கை என்றே பெரும்பாலும் பொருள். அதில் ஏற வேண்டியது யார் என்று பதிவு செய்யும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது. எங்கள் மகன் அதற்குப் போட்டி போடுகிறான். ரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்காத கவலையைக் கப்பலுக்கும் கொண்டு வந்த மாமாவிடம், அவருக்கு மேல்படுக்கை இல்லை என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அறை வகையைவிட, அது கப்பலில் எங்கே இருக்கிறது என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கப்பலில், விலை மலிவு என்று, அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் வகையில் ஓர் அறை எடுத்தோம். கிடைத்தது நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைக்கு மேல் சாய்வு நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போடும் சத்தம் தொடங்கும். ஒவ்வொரு நாற்காலியும் தரையில் உராய்ந்து நிற்கும் அந்த ஒலியை எண்ணிக்கொண்டே படுத்திருந்த மூன்று காலைகளை நான் மறக்கவில்லை. மிச்சமான பணம் எவ்வளவு என்பதுதான் மறந்துவிட்டது. அதற்குப் பிறகு தள வரைபடத்தைப் பார்க்காமல் அறை எடுப்பதில்லை. மேலும் கீழும் அறைகளே உள்ள தளமாக, அரங்கத்துக்கும் இரவு விடுதிக்கும் அடுக்களைக்கும் ஒட்டாததாக, கப்பலின் நீளத்தில் நடுவாக, மின்தூக்கிக்கு அருகில் ஆனால் அதன் வாசலுக்கு நேர் எதிரே இல்லாததாக இருக்க வேண்டும். ஆட்டம் குறைவாக இருப்பதும் கீழ்த்தளங்களின் நடுப்பகுதியில்தான். பக்கத்து அறையோடு இணைக்கும் கதவுள்ள அறை இரு குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் வசதி. அந்தப் பக்கம் அறிமுகமில்லாதவர்கள் இருந்தால் அவர்களுடைய தொலைக்காட்சியையும் கேட்டுக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

முதியவர்களுக்கு அறையின் சிறு பகுதிகள் பெரிய விஷயங்களாகின்றன. சாதாரண அறைகளில் குளியலறை வாசலில் நீர் வெளியே வராமலிருக்க ஓர் உயர்ந்த விளிம்பு இருக்கும். இரவில் தடுக்கி விழுவது அங்கேதான். குளிக்கும் இடம் ஒருவர் நின்று திரும்பும் அளவே. வாளியும் குவளையும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குவளையை நாமே எடுத்துப்போவது புத்திசாலித்தனம். விளிம்பில்லாத வாசலும் கைப்பிடிகளும் உட்கார்ந்து குளிக்கும் இருக்கையும் கொண்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் ஓரளவுக்கு உண்டு; உண்மையான தேவை உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். அத்தை தடியூன்றி நடப்பவர், சக்கர நாற்காலி தேவையில்லை என்பதால் அவற்றை நாங்கள் கேட்கவில்லை. கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

ஆறு பேருக்கு எப்படிப் பிரிப்பது? நால்வர் அறை ஒன்று, இருவர் அறை ஒன்று என்றால் மூன்றாவது, நான்காவது ஆளின் சலுகை இரண்டு பேருக்குக் கிடைக்கும். மூவர் மூவராகப் பிரித்தாலும் அதே இரண்டு சலுகைகள்தான். மேல்படுக்கை தேவைப்படாது, ஆனால் தாத்தா பாட்டியின் அறையில் ஒரு குழந்தை படுக்க வேண்டும். மூன்று இருவர் அறைகள் என்றால் சலுகையே இல்லை. நால்வருக்கு உள்ளறை, அதற்கு எதிரே தாழ்வாரம் தாண்டி முதியவர்களுக்குப் பால்கனி அறை என்பதுதான் நாங்கள் வந்து சேர்ந்த ஏற்பாடு. குழந்தைகள் அறைக்குள் தங்கப்போவது தூங்கும் நேரம்தான். ஊரைப் பார்க்க இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடக்கூடிய இருவருக்குத்தான் கடலைப் பார்த்து உட்கார ஓர் இடம் வேண்டும். பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஆறு பேருக்கும் கொடுக்காமல், அதைப் பயன்படுத்தப்போகிற இருவருக்கு மட்டும் கொடுக்கிறோம். தேநீர் வேளையில் எல்லோரும் அங்கே கூடிக்கொள்ளலாம்.

விளம்பர விலையும் உண்மை விலையும்

இனி பணம். விலை நாளுக்கு நாள் மாறுவதால் எந்த நிறுவனத்தின் இன்றைய விலையையும் இங்கே எழுதிப் பயனில்லை. கணக்குப் போடும் முறையை மட்டும் ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். மூன்று இரவுக்கு 'ஆளுக்கு 30,000 ரூபாய் முதல்' என்று ஒரு விளம்பரம் வருவதாகக் கொள்வோம். ஆறு பேரில் நால்வருக்கு முழு விலை, இருவருக்குப் பாதி விலை என்றால் 1,50,000 ரூபாய். துறைமுகக் கட்டணமும் வரியும் ஆளுக்கு 6,000 என்று வைத்தால் 36,000. அடுத்தது பணியாளர் சேவைக் கட்டணம். நாமாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸ் அல்ல, கணக்கிலேயே ஏறிவிடும் தொகை. ராயல் கரீபியனில் சாதாரண அறைகளுக்கு இது ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர், டிஸ்னியில் 16 டாலர் என்ற அளவில் இருந்தது; குழந்தைக்கும் உண்டு. 18.50 என்றே கொண்டால், ஆறு பேருக்கு மூன்று இரவுக்கு 333 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் ஏறத்தாழ 30,000. இப்போது மொத்தம் 2,16,000 ரூபாய். ஆளுக்கு ஓர் இரவுக்கு 12,000. சலுகையைக் கழித்தும்கூட விளம்பரம் சொன்ன 10,000ஐத் தாண்டிவிட்டது. சேவைக் கட்டணத்தில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குத் தள்ளுபடி கிடையாது என்பதைக் கவனிக்கவும். ஆகவே எந்த முகவர் எந்த விலை சொன்னாலும், 'எல்லாம் சேர்த்து, ஆளுக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு' என்ற ஒரே எண்ணாக மாற்றிக்கொண்டு பிறகே ஒப்பிடுகிறேன். இரண்டு இரவுப் பயணத்தையும் நான்கு இரவுப் பயணத்தையும் அருகருகே வைக்க வேறு வழி இல்லை.

விமானச் செலவு சேரும்போது படம் மறுபடி மாறுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. போய்வர ஆளுக்கு 25,000 என்று வைத்தால் ஆறு பேருக்கு 1,50,000. கப்பல் சீட்டின் விலைக்குச் சமம். இந்தத் தொகை இரண்டு இரவு போனாலும் நான்கு இரவு போனாலும் ஒன்றுதான். இரண்டு இரவுக்காக விமானம் ஏறுவது நட்டம் என்பது இதனால்தான். சிங்கப்பூரில் ஏற்கெனவே வேலையாகவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்களுக்குத்தான் அது ஏற்றது. சென்னையிலிருந்து கோர்டீலியாவில் போவதற்கு இந்தச் செலவு முழுதும் இல்லை, உள்நாட்டுப் பயணமானால் கடவுச்சீட்டும் தேவையில்லை. அந்த வகையில் பார்த்தால், கப்பல் பயணம் நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சோதித்துப் பார்க்க விரும்புகிற குடும்பத்துக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பழைய கப்பல், சிறிய அறை என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

சிங்கப்பூர் விசாவுக்கு ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி, மறுத்தாலும் திரும்பாது. முகவர் கட்டணம் தனி. கப்பல் மலேசியாவின் பினாங்கு போய்த் திரும்பினால் நாம் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறோம், எனவே பலமுறை நுழையும் அனுமதியுள்ள விசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசியா இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் அனுமதி தருகிறது. அதற்கு முன்கூட்டியே நிரப்பும் மின்னணு வருகை அட்டை உண்டு. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக முகவர் விற்றால் 'டிசிஎஸ்' என்று, விற்கும்போதே வசூலிக்கும் ஒரு வரியைப் பிடிப்பார். அது செலவல்ல, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் பணம் கொடுக்கும் நாளில் கையில் இருக்க வேண்டும். அதைச் சேர்த்துச் சொன்ன முகவரையும் சேர்க்காமல் சொன்னவரையும் ஒப்பிட்டு, பின்னவர் மலிவு என்று நான் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மது அருந்தாத குடும்பம் கப்பல் நிறுவனத்துக்கு அவ்வளவாக இலாபம் தராத குடும்பம் என்றே தோன்றுகிறது. கப்பலில் செலவழிக்க வைக்கும் பெரிய இனமே மதுதான். குடிநீர், தேநீர், காபி பொது உணவுக்கூடத்தில் சீட்டிலேயே அடங்கும் என்பதால் பானத் தொகுப்பை நாங்கள் தொடவில்லை. அதை வாங்க நினைப்பவர்கள், ஓர் அறையில் பெரியவர் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி ராயல் கரீபியன் போன்ற இடங்களில் உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். வைஃபை ஒரு கருவிக்கு ஒரு நாளுக்கு என்று விற்கப்படும், ஒன்று போதும். ஆனால் ஆறு கைபேசிகளையும் கப்பல் நகரும் முன் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடாவிட்டால், கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையில் தானாக இணைந்து, ஊர் திரும்பிய பின் வரும் ரோமிங் பில் வேறு கதை சொல்லும்.

இறங்கும் ஊர்கள்

ஊர்ச்சுற்றுலாச் செலவு வழித்தடத்தைப் பொறுத்தது, இதில் வேறுபாடு பெரிது. பினாங்கில் கப்பல் அணையும் சுவெட்டன்ஹம் துறைமேடை ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. இறங்கி மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் லிட்டில் இந்தியா வந்துவிடும். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அங்கே, தமிழ்ப் பாட்டு ஒலிக்கும் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் அங்கே. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவே வேண்டாம். கிள்ளான் துறைமுகமோ கோலாலம்பூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டுமானால் வண்டி எடுத்தே ஆக வேண்டும், போக்குவரத்து நெரிசலில் திரும்பும் நேரத்தைப் பற்றிய பதற்றமும் கூடவே வரும். பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆளை ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவது வழக்கம். அலையில் எழுந்து தாழும் படகுக்குள் கால் வைக்க அத்தையால் முடியாது. எங்களுக்குப் பினாங்கு உள்ள வழித்தடம் முதன்மை, கிள்ளான் இரண்டாவது, பூக்கெட் மட்டும் உள்ளது வேண்டாம் என்று வரிசை அமைந்தது.

இவ்வளவும் சேர்ந்து எங்கள் முடிவு கெந்திங் ட்ரீமின் மூன்று இரவுப் பயணத்தில், மே இரண்டாம் வாரத்தில், ஞாயிறு புறப்பட்டு புதன் திரும்பும் சுற்றில் வந்து நிற்கிறது. வெள்ளி, சனி இரவுகளைத் தொடாத சுற்று என்பதால் கூட்டமும் குறையும், விமானமும் மலிவு. மகனுக்கு டிஸ்னி இல்லை என்ற வருத்தம் நீர்ச்சறுக்கின் படத்தைக் காட்டியதும் பாதி குறைந்தது; மீதியைக் குறைக்க ஒரு நாள் சிங்கப்பூரின் செந்தோசா தீவில் கழிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டுமே இருந்திருந்தால் பணத்தைப் பார்க்காமல் டிஸ்னியையே எழுதியிருப்பேன். இரண்டு வளரிளம் பிள்ளைகளும் டிசம்பர் விடுமுறையும்தான் கையில் என்றால் ராயல் கரீபியன். விமானம் ஏறத் தயங்கும் பெற்றோரோடு ஒரு வார இறுதி என்றால் கோர்டீலியா.

முன்பணம் கொடுக்கும் முன் இன்னும் இரண்டு விஷயங்கள் மீதமிருக்கின்றன. முழுத் தொகையையும் செலுத்த வேண்டிய கடைசி நாள் குறும்பயணங்களுக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே வந்துவிடும். அதற்குப் பிறகு விலகினால் தொகையின் பெரும்பகுதி போய்விடும் என்பதால், மாமாவின் வயதையும் முந்தைய சிகிச்சை விவரங்களையும் மறைக்காமல் எழுதிப் பயணக் காப்பீட்டை அந்த நாளுக்கு முன்பே எடுக்க வேண்டும். அடுத்தது துறைமுகம். சிங்கப்பூரில் கப்பல் ஏறும் இடங்கள் இரண்டு: மரினா பே ஒன்று, ஹார்பர்ஃபிரண்ட் மற்றொன்று. எந்த இடம் என்பது உறுதிச் சீட்டில் எழுதி வந்த பிறகே முந்தைய இரவுக்கான தங்கும் விடுதியைப் பதிவு செய்யப் போகிறேன். ஏறும் நாளன்றே காலை விமானத்தில் போய் இறங்கலாம் என்று மாமா சொல்வதை மட்டும் நான் கேட்பதாக இல்லை.